சீரோ டிக்கெட்டும் என் பிராதும்

பசங்களா, நீங்கள் இரண்டு பேரும் ஊரெல்லாம் ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். "எங்க நைனா டிப்போவுக்கே போயி, ஆபீசர் மூஞ்சிக்கு நேரா சண்ட போட்டு, எங்கம்மாவ மீட்டுக்கினு வந்தாரு" என்று சின்னவன் சண்டே ஸ்கூல் பசங்களிடம் சொன்னதை நானே காதால் கேட்டேன். பெரியவள் சித்தூருக்குப் போனபோது அத்தையிடம் சொல்லியிருக்கிறாள். அத்தை போன் பண்ணி, "இன்னாண்ணா, பெரிய ஹீரோ ஆயிட்டியாமே" என்று சிரித்தாள். நான் போனை வைத்துவிட்டேன்.

அந்தக் கதையில் பாதி பொய். பொய்யான பாதி என்னுடையது. அதனால்தான் எழுதுகிறேன். நான் சித்தூரில் மிஷன் பள்ளியில் தமிழ் மீடியத்தில் எட்டாவது வரைக்கும் படித்தவன். லாட்ஜில் பெட்ஷீட் துவைக்கும் மிஷினைப் பார்த்துக்கொள்கிற கை இது, பேனா பிடிக்கிற கை இல்லை. வரி கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் முதலில் பஸ்ஸைத் திட்டிவிட்டுத்தான் மற்றது. இல்லையென்றால் இதைப் படித்து முடித்துவிட்டு, பஸ் நல்லது, நைனாதான் கெட்டவன் என்று நினைத்துக்கொள்வீர்கள். பஸ் கெட்டதுதான். அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம்.

நம் வீடு திருப்பதிக்கும் சந்திரகிரிக்கும் நடுவில், ரோட்டை ஒட்டிய காலனியில் இருக்கிறது. டவுனிலிருந்து வரும் பஸ் முதலில் ஆர்ச்சில் நிற்கும், அடுத்தது நம் ஸ்டாப். நம் ஸ்டாப்பில் நின்றால் ஆர்ச்சில் நிற்கிறவன் சட்டை என்ன கலர் என்று சொல்லலாம். அவ்வளவுதான் தூரம். ஆனால் டிக்கெட்டை ஸ்டேஜ் கணக்கில்தான் போடுகிறார்கள். ஆர்ச்சோடு ஒரு ஸ்டேஜ் முடிகிறது. அதற்கு மேல் ஒரு அடி போனாலும் அடுத்த ஸ்டேஜ் காசு, ஐந்து ரூபாய் கூட. தும்மல் வந்தால் அதைத் தும்மி முடிப்பதற்குள் வருகிற தூரத்துக்கு ஐந்து ரூபாய்! யார் இந்தக் கோட்டைப் போட்டானோ, அவன் இந்த ரோட்டில் ஒரு நாளும் நடந்திருக்க மாட்டான். நிழலுள்ள ஷெட்டைக் கொண்டுவந்து நம் ஸ்டாப்பில் கட்டினார்கள். அங்கே ஏற ஆள் இல்லை, நாய்தான் படுத்திருக்கிறது. ஆள் எல்லாம் ஐந்து ரூபாயை மிச்சம் பிடிக்க ஆர்ச்சில் வெயிலில் நிற்கிறது. உங்கள் அம்மா முட்டி வலியோடு விடிகாலையில் ஆர்ச் வரைக்கும் நடந்து போய் ஏறியதும், சாயங்காலம் ஆர்ச்சிலேயே இறங்கி நடந்து வந்ததும் இதனால்தான். வாக்கிங் நல்லது என்று உங்களிடம் சொன்னாளே, அது வாக்கிங் இல்லை.

அடுத்தது கூட்டம். மலைக்குக் கூட்டம் அதிகமான நாளில் நம் ரோட்டு பஸ்ஸைப் பிடுங்கி வேறு பக்கம் விட்டுவிடுவார்கள். வருகிற சனம் சாமி கும்பிடத்தான் வருகிறது, அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவர்கள் படுத்து எழுந்த பெட்ஷீட்டை நான்தான் துவைக்க வேண்டும். அவர்கள் வந்ததால் எனக்குப் பஸ் இல்லை, நான் போகாவிட்டால் அவர்களுக்குப் பெட்ஷீட் இல்லை. இதை பஸ் ஸ்டாண்டுக் கண்ட்ரோலரிடம் ஒரு நாள் சொன்னேன். "நடந்து போ, மொக்கு மாதிரி நெனச்சிக்கோ" என்றான். மொக்கு என்றால் நேர்த்திக்கடன். பக்கத்திலிருந்தவர்களும் சிரித்தார்கள்.

அப்புறம்தான் பெண்களுக்கு பஸ் இலவசம் என்று ஆந்திராவில் அறிவித்தார்கள். ஆந்திரா அட்ரஸ் உள்ள அடையாள அட்டையைக் காட்டினால் கண்டக்டர் காசு வாங்காமல் சீரோ என்று போட்ட டிக்கெட் கொடுப்பார். நல்ல விஷயம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பஸ்ஸாவது கூடவிட்டார்களா? இருந்த பஸ்ஸிலேயே இரண்டு மடங்கு ஆள். ஆர்ச்சில் பெண்கள் மட்டும் நின்றால் டிரைவர் கண்ணாடிக்குப் பின்னால் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு அழுத்திவிடுவான். அதனால் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆம்பளை யாராவது இருந்தால் அவனை ரோட்டு ஓரத்தில் முன்னால் நிற்க வைத்துவிட்டு, பஸ் நின்றதும் பின்னாலிருந்து எல்லாரும் ஏறிவிடுவார்கள்.

"அண்ணா, கொஞ்சம் நின்னு கை காட்டிட்டுப் போண்ணா. ஒன் கைக்குத்தான் நிக்கும்."

நான் எத்தனை தடவை காட்டியிருக்கிறேன்! எனக்கு லாட்ஜில் நேரமாகும், நான் போக வேண்டிய பஸ் அது இல்லை, இருந்தாலும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். பஸ் ஏறினால் இன்னொரு கூத்து. "காசு குடுத்தவன் தொங்கிக்கினு வரான், சும்மா வரவங்க குந்திக்கினு வராங்க" என்று ஆம்பளைகள் சத்தம் போடுவார்கள். "ஏன், ஒன் பொண்டாட்டி சும்மா வரலியா? போயி அவகிட்ட சொல்லு" என்று பெண்கள் திருப்பிக் கொடுப்பார்கள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், நானும் அப்படிச் சத்தம் போட்டிருக்கிறேன். என் பொண்டாட்டி சும்மா வரவில்லை என்கிற எரிச்சல் எனக்கு.

அது ஏன் என்றுதான் உங்களுக்குத் தெரியாது.

உங்கள் அம்மா பள்ளிப்பட்டுப் பக்கம். தமிழ்நாடு. எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது அவளுடைய கார்டுகளை எல்லாம் இங்கே மாற்ற வேண்டும் என்று அவளே சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன். எல்லை ஓரத்தில் நம்மைப் போன்றவர்கள் வீட்டில் இது ஒரு வழக்கம். புருஷன் கார்டு இந்தப் பக்கம், பெண்டாட்டி கார்டு அந்தப் பக்கம். இரண்டு அரசாங்கமும் எதைக் கொடுத்தாலும் ஒரு கை நீட்டலாம். அம்மா பேரில் அங்கே ரேஷன் அரிசி வந்தது, பொங்கலுக்குப் பை வந்தது, அப்புறம் மாதாமாதம் பணமும் வந்தது. பெரிய புத்திசாலி என்று நான் என்னையே நினைத்துக்கொண்டேன். ஆர்ச்சில் கோடு போட்டவனைத் திட்டினேனே, மாநில எல்லையில் நான் போட்டதும் ஒரு கோடுதான்.

ஆந்திராவில் பஸ் இலவசம் ஆனதும் நம் தெருவில் எல்லாப் பெண்களும் சீரோ டிக்கெட்டில் போனார்கள். உங்கள் அம்மா மட்டும் காசு கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற சம்பளத்தில் தினம் போக வர டிக்கெட். காசைவிட அவளுக்குக் கேலிதான் தாங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா பஸ்ஸிலேயே உரக்கச் சொல்வாளாம், "வழி வுடுங்கடி, தமிழ்நாட்டு மகாராணி டிக்கெட் எடுக்குறா!"

அதைச் சொல்லி அவள் ஒரு நாள் அழுதாள். அப்போது எனக்குத் தோன்றியது அந்த யோசனை. சித்தூரில் அத்தை வீட்டைவிட்டு எங்கே போகிறாள்? போனேன், கேட்டேன். "எனக்கு வோட்டர் கார்டு கீதுண்ணா, ஆதார நீ எடுத்துக்கினு போ" என்று கொடுத்துவிட்டாள்.

உங்கள் அம்மா அதைத் தொடவில்லை. "இது நா இல்ல. மூக்கப் பாரு, நெத்தியப் பாரு. எவன் நம்புவான்?"

"ஆதார் போட்டோவுல எவ மூஞ்சி அவ மூஞ்சி மாதிரி கீது? எல்லாம் கரிச்சட்டிதான். காட்டு, ஒண்ணியும் ஆவாது."

மூன்று நாள் மேஜை மேலேயே கிடந்தது. நான்காம் நாள் அவள் சாப்பாட்டுப் பையில், டப்பாவுக்குக் கீழே, நானே வைத்தேன். வைத்துவிட்டு, வைத்ததைச் சொன்னேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கிலிருந்து அவளும் சீரோ டிக்கெட்.

இப்போது அந்த கண்டக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலை முதல் பஸ்ஸில் வருகிறவர். ஒல்லி ஆள், டிக்கெட் மிஷினுக்கு ரப்பர் பேண்டு சுற்றி வைத்திருப்பார். ஒப்பந்தத்தில் எடுத்தவர், பர்மனென்ட் இல்லை. ஏறினவுடன் நகரச் சொல்லி "ஜருகண்டி, ஜருகண்டி" என்று கத்துவார், "ஆதார் ஆதார்" என்று கத்துவார், சில்லறை இல்லை என்றால் அதற்கும் கத்துவார். எனக்கு அவரைப் பிடிக்காது. ஆனால் ஒரு பெண் தூரத்தில் ஓடி வருவதைப் பார்த்துவிட்டால் விசிலடித்து பஸ்ஸை நிறுத்துவார். டிரைவர் முறைத்தால், "வரட்டும்பா, ஒன் மாமனார் வூட்டு வண்டியா இது?" என்பார். நம் தெருப் பெண்கள் அந்த பஸ்ஸைப் பிடிக்கத்தான் அத்தனை அவசரமாகப் போவார்கள். இதெல்லாம் எனக்கு அப்போது காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை.

ஒரு நாள் காலை செக்கிங் ஆபீசர் ஏறினார். ஒவ்வொருவர் கார்டாக வாங்கிப் பார்த்துக்கொண்டு வந்தவர் அம்மா கையிலிருந்ததை வாங்கினார். படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"எந்த வருஷம் பொறந்த?"

அத்தை பிறந்த வருஷம் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? தன்னுடைய வருஷத்தைச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு கார்டைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சாயங்காலம் ஒன் புருஷனக் கூட்டிக்கினு டிப்போவுக்கு வா. வரலன்னா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிடும்." பஸ் நிறைய நம் தெரு ஆட்கள். அவ்வளவு பேர் எதிரில்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போய் வேலையை முடித்துவிட்டுத்தான் எனக்குப் போன் பண்ணினாள். ஸ்டேஷன் என்று கேட்டதுமே மிஷினை நிறுத்திவிட்டுக் கிளம்பினேன். ஆஸ்பத்திரியில் துடைக்கிற வேலை காண்ட்ராக்டர் கையில் இருக்கிறது. போலீஸ் பேச்சு வந்தால் நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிடுவார்கள். அது வந்துவிடக் கூடாது. அது ஒன்றுதான் மனசில் இருந்தது.

டிப்போவில் ஒரு சின்ன அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் செக்கிங் ஆபீசர். இந்தப் பக்கம் அந்த கண்டக்டரும் நின்றுகொண்டிருந்தார். அவருடைய டிக்கெட் மிஷினும் பையும் மேஜை மேல் இருந்தன. கையில் மிஷின் இல்லாமல் அவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கட்டிக்கொண்டார், பிரித்தார், மறுபடி கட்டிக்கொண்டார்.

ஆபீசர் அவரைத்தான் முதலில் கேட்டார். "இந்தம்மாகிட்ட கார்டு கேட்டியா இல்லியா?"

"தெனமும் கேக்குறேன் சார். தெனமும் காட்டுறாங்க. கார்டு கீதான்னு பாக்குறேன். எண்பது பேரு ஏறுற வண்டியில போட்டோவ உத்துப் பாக்க எங்க சார் நேரம்?"

ஆபீசர் எங்கள் பக்கம் திரும்பினார். கோபமாகக்கூட இல்லை, ஹோட்டலில் காப்பியா டீயா என்று கேட்பது போலக் கேட்டார். "இன்னொருத்தி கார்டக் காட்டி டிக்கெட் வாங்கியிருந்தா அது மோசடி. ஸ்டேஷனுக்கு எழுதணும். டிக்கெட் வாங்கறப்ப கார்டே காட்டல, அவனும் கேக்கலன்னா, அது கண்டக்டர் தப்பு. ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல. எது?"

இரண்டு கதவைத் திறந்து வைத்துவிட்டு, எதில் போகிறாய் என்று கேட்கிறார். உங்கள் அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் இரண்டாவது கதவில் நுழைந்துவிட்டேன்.

"கேக்கவே இல்ல சார். ஒரு நாளும் கேக்கல. இவ காட்டவும் இல்ல. கார்டு சும்மா பையில இருந்தது, நீங்க கேட்டப்பதான் எடுத்தா. இவரா மிஷின அமுக்கிக் குடுத்தாரு."

சொன்னவுடன் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. பொய்க்குப் பின்னால் நின்றுகொண்டு நிஜத்தை எல்லாம் கொட்டினேன். ஆர்ச்சுக்கும் நம் ஸ்டாப்புக்கும் நடுவில் என்ன சமுத்திரமா இருக்கிறது, ஐந்து ரூபாய் எதற்கு என்றேன். நாய்க்கு ஷெட் கட்டினீர்களே என்றேன். பெண்களைப் பார்த்தால் ஏன் நிறுத்துவதில்லை, கை காட்ட நான் என்ன சம்பளத்துக்கா நிற்கிறேன் என்றேன். சத்தம் கேட்டு ஜன்னலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். நீங்கள் சொல்கிற கதையில் வருகிற சண்டை இதுதான். சண்டை நிஜம். நான் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் நியாயம். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பொய்யை வைத்துவிட்டுத்தான் அந்த நியாயத்தைப் பேசினேன்.

கண்டக்டர் என்னைப் பார்த்து, "அண்ணா, இன்னாண்ணா இது?" என்றார். அப்புறம் அம்மாவைப் பார்த்தார். "அக்கா, நீயே சொல்லுக்கா. தெனமும் கேட்டேனா இல்லியா?"

உங்கள் அம்மா பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

எழுதிக் கொடு என்றார் ஆபீசர். அந்த அறைக்கு வெளியே சுவரில் ஆணியடித்துப் பிராதுப் புத்தகம் தொங்கவிட்டிருக்கிறார்கள். எனக்குத் தெலுங்கு பேச வரும், எழுத வராது என்று நான் சொன்னதும், டிப்போ வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவரைக் கூப்பிட்டார்கள். அவர் அழகாகத் தெலுங்கில் எழுதினார். நடுவில் நிமிர்ந்து, "கெட்ட வார்த்த எதுனா சொன்னானா?" என்று கேட்டார்.

"இல்ல."

"சொன்னான்னு போட்டா வெயிட்டா இருக்கும்."

"ஒன் இஷ்டம்" என்றேன்.

கீழே தமிழில் கையெழுத்துப் போட்டேன். அத்தை கார்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அம்மாவை எச்சரித்து அனுப்பினார்கள். மேஜை மேலிருந்த மிஷின் அங்கேயே இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா காசு கொடுத்து டிக்கெட் எடுத்தாள். எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் வேறு சீட்டில் உட்கார்ந்தாள். ஆர்ச்சில் இறங்கி இருவரும் நடந்தோம். நாய் ஷெட்டுக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் பேசினாள்.

"அவன் கேட்டான். தெனமும் கேட்டான். மொத நாளு கார்டப் பாத்தான், என் மூஞ்சியப் பாத்தான், மறுபடி கார்டப் பாத்தான். ஒண்ணும் சொல்லாம டிக்கெட்டு குடுத்துட்டு, 'அட்டு போய் கூசோம்மா'ன்னான்."

அந்தப் பக்கம் போய் உட்காரம்மா என்று அர்த்தம்.

"அத அங்கியே சொல்றது தானே?" என்றேன்.

"நீ சொல்ல வுட்டியா? எனக்கு வேல பூடும்னு பயம். வாய் வரல. ஒனக்கு இன்னா பயம்? இன்னாத்துக்கு அவன் தலையில கட்டுன?"

நான் ஷெட்டைத் தாண்டி முன்னால் நடந்தேன்.

அடுத்த நாளிலிருந்து முதல் பஸ்ஸில் வேறு ஆள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாங்க, ஒங்க புண்ணியத்துல பஸ்ஸு நிக்கறதே இல்ல. அந்தாளு விசிலடிச்சி நிறுத்துவான். இப்ப வந்தவன் விசில வாயில வச்சிக்கினு தூங்குறான். நேத்து நா ஓடி ஓடி செருப்பு அறுந்ததுதான் மிச்சம்." அவள்தான் சொன்னாள், கண்டக்டரை என்கொயரி முடிகிற வரைக்கும் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்களாம். ஒப்பந்த ஆள் என்பதால் புத்தகத்தில் உள்ளது அப்படியே நின்றால் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்களாம். "கெட்ட வார்த்த பேசுனான்னு எழுதி இருக்குதாமே! அவனா? எங்க யாரையும் அம்மான்னு இல்லாம கூப்புட்டதில்லையே" என்றாள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், பாதிதான் நிரம்பியிருந்தது.

அவரை ஒரு தடவை பார்த்தேன். பெரிய பஸ் ஸ்டாண்டில், காக்கிச் சட்டை இல்லாமல், ஒரு கோடு போட்ட சட்டையில் கண்ட்ரோலர் ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். உள்ளே இருந்தவன் தலையை ஆட்டினான். அவர் நகரவில்லை. மறுபடி ஏதோ கேட்டார். மறுபடியும் அவன் தலையை ஆட்டினான். அவர் திரும்புவதற்குள் நான் குப்பம் போகிற பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பஸ் போர்டைப் படிக்கிறவன் மாதிரி நின்றேன். படிக்கவும் செய்தேன். எனக்குத் தெலுங்கு எழுத்தில் ஏதாவது தெரியும் என்றால் அது இந்த போர்டுகளால்தான். வராத பஸ்ஸுக்காக நின்ற நேரத்தில், போகிற வருகிற போர்டுகளைப் பார்த்துப் பார்த்து வந்த எழுத்து. இந்த பஸ்கள் எனக்குச் செய்த ஒரே உபகாரம்.

அந்த வாரம் சண்டே ஸ்கூலுக்காகச் சின்னவன் பத்துக் கட்டளையை வீட்டில் ஒப்பித்தான். ஒன்பதாவது வரும்போது நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். பொய்ச்சாட்சி பற்றியது அது. குடித்து முடித்துவிட்டு, அவன் பத்தைத் தாண்டும் வரைக்கும் அங்கேயே நின்றேன். அவன் வந்து, "நைனா, கரெக்டா சொன்னேனா?" என்று கேட்டான். கரெக்ட் என்றேன். அன்றைக்கு மத்தியானம்தான் சர்ச் வாசலில் அவன் அந்த ஹீரோ கதையைச் சொன்னான்.

உங்கள் அம்மா கார்டை இந்தப் பக்கம் மாற்ற அவளே போய் வரிசையில் நின்று எழுதிக் கொடுத்துவிட்டாள். என்னைக் கூப்பிடவில்லை. அந்தப் பக்கத்து அரிசியும் பணமும் நின்றுவிடும். நிற்கட்டும். புது கார்டு வரும் வரைக்கும் காசு கொடுத்துத்தான் போகிறாள். மகாராணி என்று இப்போது யாரும் சொல்வதில்லை.

அந்த கண்டக்டர் திரும்பி வந்தாரா என்று கேட்காதீர்கள். இதை எழுதும் வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் செய்தது எதையாவது மாற்றியதா என்றும் தெரியாது. செய்ததை மட்டும் சொல்கிறேன். உங்கள் அம்மாவுக்குக்கூட இது இன்னும் தெரியாது.

எனக்கு வார லீவு வந்த அன்று காலையில் தனியாக டிப்போவுக்குப் போனேன். ஜன்னலில் இருந்தவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "பிராதா? எழுது, எழுது. ஊரே எழுதுது" என்றார். ஆணியிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். என் பக்கத்தைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை, கீழே ஒரே ஒரு தமிழ்க் கையெழுத்து. அதற்குக் கீழே நான்கு விரற்கடை இடம் இருந்தது. வாசலில் ஜெராக்ஸ் கடைக்காரர் என்னைப் பார்த்துக் கையை அசைத்தார், வரட்டுமா என்று. வேண்டாம் என்று தலையாட்டினேன்.

புத்தகத்தோடு ஒரு பேனாவை நூல் போட்டுக் கட்டியிருந்தார்கள். நூல் குட்டை. குனிந்துதான் எழுத வேண்டும். நானே தெலுங்கில் எழுதினேன். கண்டக்டர் தினமும் கேட்டார். என் மனைவி தினமும் காட்டினாள். கார்டு என் தங்கையுடையது. வாங்கி வந்ததும் பையில் வைத்ததும் நான். அவர் கெட்ட வார்த்தை பேசவில்லை. ஸ்டேஷனுக்கு எழுதுவதானால் என் பெயரை எழுதுங்கள். இவ்வளவுக்கும் எனக்கு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். எத்தனை எழுத்து தலைகீழாக நின்றதோ தெரியாது. அவர் முதல் நாள் அவள் முகத்தைப் பார்த்ததை மட்டும் எழுதவில்லை, எழுதினால் அது அவர் தலையில்தான் விழும்.

கடைசியில் தப்பு என்னுடையது என்று எழுத வேண்டும். தெலுங்கில் "தப்பு நாதி". சிக்கிக்கொண்டேன். அப்புறம் திருப்பதி போர்டைக் கண்ணுக்குள் கொண்டுவந்து அதிலிருந்து த எடுத்தேன், மேலே இருந்த கொக்கியை விட்டுவிட்டேன். குப்பம் போர்டிலிருந்து இரட்டைப் ப. அதைப் பு ஆக்குகிற வளைவு குடுபல்லி போர்டில் இருந்தது. நாயுடுபேட்டை போர்டின் முதல் எழுத்தைப் பார்த்து நா போட்டேன். கடைசித் தி தெலுங்கில் வேறு எழுத்து, திருப்பதியின் தி இல்லை, அதை நானே யோசித்துப் போட்டேன்.

இடம் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஆர்ச்சுக்கு அப்புறம் போடுகிற ஐந்து ரூபாய் அநியாயம், அது அநியாயம்தான் என்று அதையும் எழுதினேன். இந்தத் தடவையும் தமிழில்தான் கையெழுத்துப் போட்டேன். புத்தகத்தை மூடி ஆணியில் மாட்டினேன். அது சரியாக மாட்டாமல் சாய்ந்து தொங்கியது, எடுத்து நேராக மாட்டிவிட்டு வந்தேன்.